எந்தக் கணக்கில் எழுதுவது? மதுரை மாநகராட்சிப் பள்ளியைச் சீர்செய்யப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

1920-இல் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்கில் இருந்த தன் பள்ளியில் மதிய உணவு போடத் தீர்மானித்தது. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவு. மேலும் சில பள்ளிகளுக்குப் பரவி, சேர்க்கையும் கூடியது. 1925-இல் நின்றுபோனது. அந்தச் செலவை ஆரம்பக் கல்வி நிதியில் எழுத பிரிட்டிஷ் அரசு ஒப்பவில்லை என்பதே காரணம். சோறும் இருந்தது, பிள்ளைகளும் இருந்தார்கள். கணக்குத் தலைப்புதான் இல்லை.

நூறாண்டு கழித்தும் நகரப் பள்ளிகளில் இதே சிக்கல்தான். 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றலை எடுத்துக்கொள்ளுங்கள். பாடங்களைப் படிப்படியாக வரிசைப்படுத்தும் ஏணிப்படி, ஒவ்வொரு படிக்கும் பிள்ளை தானே செய்து கற்க வண்ண அட்டைகள், பிள்ளைகளின் கை எட்டும் உயரத்தில் கரும்பலகை என்று நல்ல ஏற்பாடு. ஆனால் அட்டை என்பது கிழியும், தொலையும் பொருள். நடுவில் நான்கு அட்டை போனால் ஏணியில் நான்கு படி போனதாக அர்த்தம். ஒரு திட்டத்தைத் தொடங்கப் பணம் கிடைத்துவிடும். மூன்றாம் ஆண்டு அதைப் பராமரிக்க யார் தருவார்கள் என்று கேட்டால்தான் பதில் வராது. ஆகவே எந்தக் கோரிக்கையானாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இது யார் கணக்கு?

பெயர்ப்பலகையைப் படியுங்கள்

மதுரை நகரில் உள்ள பள்ளியெல்லாம் மாநகராட்சிப் பள்ளி அல்ல. அவ்வை, வெள்ளிவீதியார், பொன்முடியார், காக்கைபாடினியார் என்று சங்கப் புலவர் பெயர் தாங்கிய பெண்கள் பள்ளிகளை மாநகராட்சி நடத்துகிறது (இந்தப் பெயர்களைத் தேர்ந்தவருக்கு ஒரு கும்பிடு). அரசுப் பள்ளிகளும் அரசு உதவி பெறும் பள்ளிகளும் வேறு. 2011-இல் வார்டுகள் 72-லிருந்து 100 ஆனபோது அவனியாபுரம், திருப்பரங்குன்றம், ஆனையூர்ப் பக்கங்கள் நகருக்குள் வந்தன. அங்கே உள்ள பள்ளிகளின் நிர்வாகம் யாரிடம் என்பதைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கம் போனால், பிரமலைக் கள்ளர் சமூகப் பிள்ளைகளுக்காக அரசு தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள். அவற்றுக்கு 1920-இலிருந்து வரும் தனி வரலாறும், தனித் துறையும் உண்டு.

மாநகராட்சிப் பள்ளி என்றால் ஒரே வளாகத்துக்குப் பல முதலாளிகள். கட்டடம், சுற்றுச்சுவர், தண்ணீர், கழிப்பறை, பாதாளச் சாக்கடை எல்லாம் மாநகராட்சி. அதிலும் கல்வி அலுவலர் ஒருவர், மண்டலப் பொறியாளர் வேறொருவர். பாடநூல், பாடத்திட்டம், தேர்வு பள்ளிக் கல்வித் துறை. ஆசிரியர் பயிற்சியும் பள்ளி மானியமும் ஒன்றிய அரசும் மாநில அரசும் சேர்ந்து பணம் போடும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் (சமக்ர சிக்ஷா) வழியாக வருபவை. சத்துணவு சமூக நலத்துறை. ஒழுகும் கூரைக்குப் பள்ளிக் கல்வித் துறையின் முதன்மைக் கல்வி அலுவலரிடம் மனு கொடுத்தால், மூன்று வாரம் கழித்து “உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது” என்று ஒரு நகல் வரும். அந்த மூன்று வாரம் வீண்.

மாநகராட்சியின் வரவு செலவுத் திட்டத்தில் ஆரம்பக் கல்வி நிதி தனிக் கணக்கு. உங்கள் சொத்து வரியோடு வசூலாகும் கல்வி வரி அங்கேதான் போய்ச் சேருகிறது. “நிதி இல்லை” என்று யாராவது சொன்னால், “ஆரம்பக் கல்வி நிதியில் இந்த ஆண்டு இருப்பு எவ்வளவு?” என்று எழுத்தில் கேளுங்கள். பேச்சின் தொனி மாறும்.

குழுவும் நாட்காட்டியும்

கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 21 உங்களுக்குத் தரும் கருவி பள்ளி மேலாண்மைக் குழு. உறுப்பினரில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 2024 மறுகட்டமைப்பில் ஒரு குழுவுக்கு 24 பேர், முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு. இதைப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது சங்கம், இது சட்டம் அமைத்த குழு. பள்ளி மேம்பாட்டுத் திட்டம் போடுவதும், வந்த மானியம் எப்படிச் செலவானது என்று பார்ப்பதும் இதன் வேலை. கூட்டம் வெள்ளிக்கிழமை மாலை 3 மணிக்கு. தினக்கூலிக்குப் போகும் தாய்மாருக்கு இது அரைநாள் கூலி. அவர்கள் வராமல் போவதற்கு அக்கறையின்மையைக் காரணம் சொல்வது அநியாயம். முந்தின நாளே பொருள் என்ன, எத்தனை மணிக்கு முடியும் என்று சொல்லி அனுப்பினால் வருகை கூடும்.

எதை எப்போது கேட்பது என்பதில்தான் பெரும்பாலான குழுக்கள் கோட்டை விடுகின்றன.

ஜூன், ஜூலை: சேர்க்கை. ஆசிரியர் பணியிட நிர்ணயம் ஆகஸ்ட் 1 மாணவர் எண்ணிக்கைப்படி நடக்கிறது. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளை வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4, 121 முதல் 200 வரை 5. ஆக, 61-ஆவது பிள்ளை ஓர் ஆசிரியரைக் கூட்டிக்கொண்டு வருகிறது. அந்தப் பிள்ளை ஆகஸ்ட் 5-இல் வந்தால் அந்த ஆண்டுக் கணக்கில் இல்லை. இன்னொரு பொறி எமிஸ், அதாவது மாணவர் விவரங்களைப் பதியும் அரசின் கணினித் தளம். வேறு பள்ளியிலிருந்து வரும் பிள்ளையின் பெயரை, அந்தப் பழைய பள்ளி எமிஸின் பொதுத் தொகுப்புக்கு விடுவிக்காதவரை உங்கள் பள்ளிப் பதிவில் ஏறாது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை கணினியில் வேறெங்கோ படித்துக்கொண்டிருக்கும். ஜூலை கடைசி வாரம் தலைமையாசிரியரோடு உட்கார்ந்து வருகைப் பதிவேட்டையும் எமிஸ் பட்டியலையும் பெயர் பெயராக ஒத்துப்பாருங்கள். மாற்றுச் சான்றிதழ் தாமதம், வயதுச் சான்று இல்லாமை இரண்டுமே சேர்க்கையை மறுக்கக் காரணமாகாது என்பதைப் புதிதாகக் குடிவந்த வீடுகளில் சொல்லிவையுங்கள்.

டிசம்பர்: பள்ளி மேம்பாட்டுத் திட்டம். நிதியாண்டு முடிய மூன்று மாதம் முன்பே தயாராக வேண்டியது. மார்ச்சில் மாநகராட்சி பட்ஜெட் வாசிக்கப்படும். மார்ச்சில் கொண்டுபோகும் மனு அடுத்த ஆண்டுக்குத்தான். கட்டட வேலைக்கு ஏற்ற மாதம் மே. ஆனால் மே மாதம் வேலை நடக்க, மதிப்பீடு ஜனவரிக்குள் பொறியாளர் கையில் இருக்க வேண்டும்.

கழிப்பறை: இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்

எந்தப் பள்ளியின் நிலையையும் காலை இடைவேளை முடிந்த பத்தாவது நிமிடம் கழிப்பறை சொல்லிவிடும். காலை 9 மணிக்குப் பார்க்காதீர்கள், அப்போது எல்லாம் பளபளக்கும். தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, பெண்கள் பக்கம் தாய் உறுப்பினர்களே போக வேண்டும். இவற்றை எண்ணிக் குறியுங்கள்: எத்தனை அறை திறந்திருக்கிறது, எத்தனை பூட்டியிருக்கிறது, உள்தாழ்ப்பாள் விழுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, வாளியும் மக்கும் இருக்கிறதா, நாப்கின் போட மூடியுள்ள தொட்டி இருக்கிறதா, கைகழுவுமிடத்தில் சோப்பு உண்டா. தூய்மைப் பள்ளி விதிமுறைப்படி 40 பேருக்கு ஒரு கழிப்பறையும் மூன்று சிறுநீர் கழிப்பிடமும் வேண்டும்.

பூட்டிய அறைக்குப் பின்னால் எப்போதும் ஒரு காரணம் இருக்கும். தண்ணீர் ஏறவில்லை என்றால், மோட்டார் எரிந்ததா, மாடித் தொட்டியின் மிதவை வால்வு சிக்கியதா, அல்லது கழிப்பறைக்கு வரும் குழாய் குடிநீர்க் குழாயிலிருந்து கிளை பிரிந்து அழுத்தமே இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மழை பெய்தால் மட்டும் பொங்குகிறது என்றால் கோளாறு பள்ளிக்குள் இல்லை. தெருப் பாதாளச் சாக்கடையில். அதற்கு மனு எழுத வேண்டிய இடம் கல்விப் பிரிவு அல்ல, மண்டலப் பொறியாளர். எல்லாம் சரியாக இருந்தும் நாறுகிறது என்றால் கழுவ ஆள் இல்லை.

இந்தக் கடைசியில்தான் எல்லாச் சீர்திருத்தமும் வந்து முட்டுகிறது. கணக்கைப் பாருங்கள். ஒருங்கிணைந்த பள்ளி மானியம் 30 பிள்ளை வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் 1 லட்சம். இதில் குறைந்தது 10 விழுக்காடு தூய்மைக்கு. 300 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு அது 7,500 ரூபாய். பத்து மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 750. பினாயிலுக்கும் விளக்குமாற்றுக்கும் போதும், ஆள் கூலிக்கு ஆகாது. அந்த மானியமும் உரிய நாளில் வருமென்று உறுதியில்லை: 2024-25-க்குத் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை, ஒன்றியத்தின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீயில் மாநிலம் கையெழுத்திடாததைக் காட்டி ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. சட்டமன்ற உறுப்பினர் நிதியைக் கேட்கலாம், புதுக் கழிப்பறையே கிடைக்கும். அந்த நிதியெல்லாம் நிலையான சொத்துக்குத்தான். கட்டிக் கொடுப்பார்கள், கழுவிக் கொடுக்க மாட்டார்கள். ஆகவே புதிய கட்டடம் கேட்கும் தீர்மானத்திலேயே கழுவும் ஆளையும் சேர்த்துக் கேளுங்கள்.

தீர்மானம் எப்படி இருக்க வேண்டும்? “கழிப்பறை வசதி செய்து தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்” என்றால் யாருக்கும் எதுவும் கட்டாயமில்லை. மாதிரிக்கு ஒன்று:

“நம் பள்ளியில் மாணவியர் 186. பயன்பாட்டில் உள்ள கழிப்பறை 3. விதிப்படி தேவை 5. மூன்றில் இரண்டுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. பூட்டியுள்ள 2 அறைகளுக்குத் தண்ணீர்க் குழாய் இணைப்பு இல்லை. (1) இரு தாழ்ப்பாளும் குழாய் இணைப்பும் 15 நாளில் மாநகராட்சிப் பொறியியல் பிரிவு செய்து தரவும், (2) நாள்தோறும் காலை 8.30-க்கும் பிற்பகல் 1.30-க்கும் கழுவத் தூய்மைப் பணியாளரைப் பெயர் குறிப்பிட்டு ஒதுக்கிக் கல்வி அலுவலர் எழுத்தில் தெரிவிக்கவும், (3) இவ்விரு செலவும் எந்தக் கணக்குத் தலைப்பில் என்பதைக் குறிப்பிடவும் தீர்மானிக்கப்படுகிறது.”

தீர்மானத்தைப் பள்ளிக் கல்வித் துறையின் பெற்றோர் செயலியில் ஏற்றுங்கள்; ஏற்றியதோடு விடாமல் நகலில் அலுவலகத் தபால் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை இல்லாத மனு, கொடுக்காத மனு.

படிக்கிறார்களா?

சுவருக்கு வண்ணம் அடிப்பது கண்ணுக்குத் தெரியும், அதனால் எல்லோரும் அதையே செய்கிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை வாசிக்கிறதா என்பது தெரியாது. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறார்கள். வகுப்பாசிரியரிடம் கேட்க வேண்டியது தேர்ச்சி விழுக்காட்டை அல்ல. ஜூனில் அரும்பில் எத்தனை பேர், டிசம்பரில் எத்தனை பேர் என்பதை.

ஆசிரியரின் ஒப்புதலோடு நீங்களும் பார்க்கலாம். மூன்றாம், நான்காம் வகுப்பில் பத்துப் பிள்ளைகள், ஒவ்வொருவராக, தனியே. இரண்டாம் வகுப்புப் பாடநூலில் நான்கைந்து வரிப் பத்தி. பாடத்தை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைகள் உண்டு, ஆகவே மூன்றாம் வரியின் நடுவில் ஒரு சொல்லில் விரலை வைத்து “இது என்ன?” என்று கேளுங்கள். பிறகு ஒரு கழித்தல்: 52-இலிருந்து 27. விடை 35 என்று வந்தால் அது கவனக்குறைவு அல்ல. பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிக்கிறது பிள்ளை. 7-இல் 2 போனால் 5, 5-இல் 2 போனால் 3. இடமதிப்பு பிடிபடவில்லை. பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிக் கட்டைப் பிரித்துக் காட்டினால் வரும்; அதே கணக்கைப் பத்து முறை எழுதச் சொன்னால் வராது. யாருடைய பெயரையும் குறிக்க வேண்டாம், எண்ணிக்கை போதும். வாட்ஸ்அப் குழுவில் போடவே போடாதீர்கள். பிள்ளையைக் கூசவைத்தால் மறுநாள் பள்ளிக்கு வராது, ஆசிரியரைக் கூசவைத்தால் அடுத்த முறை கதவு திறக்காது.

எண்ணிக்கை மோசமாக இருந்தால், ஆசிரியர் வாரத்தில் எத்தனை மணி நேரம் வகுப்பில் இருக்கிறார் என்று முதலில் பாருங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் தவிர வேறு கல்விசாராப் பணிக்கு அனுப்பக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு. பயிற்சி, எமிஸ் பதிவு, கூட்டம் என்று போன நாட்களை ஒரு மாதத்துக்குக் குறித்து வைத்தால், குறை ஆசிரியரிடமா அலுவலகத்திடமா என்பது தெரிந்துவிடும். ஆசிரியரை எதிரியாக்கிக்கொண்டு பள்ளியைச் சீர்செய்த குழு எதுவும் கிடையாது.

காலை உணவைப் பற்றி ஒரு சொல். 2022 செப்டம்பர் 15 அன்று சிம்மக்கல் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் அந்தத் திட்டம் தொடங்கியது. முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகள். நகரத்தில் பொதுச் சமையற்கூடத்திலிருந்து வண்டியில் வருவதால் சுவையைவிட நேரமும் சூடுமே சிக்கல். வண்டி வந்த நேரத்தை வாரம் ஒரு நாள் குறித்தாலே போதும்.

நகராதபோது

பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் வார்டு கவுன்சிலர் வழியாக மண்டலக் கூட்டம், பிறகு திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள். கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவில் உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்தில் புகார் கொடுத்தால் மூன்று மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். இணையாக ஒரு தகவல் உரிமை மனு: 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, “இன்ன தேதியிட்ட தீர்மானத்தின் மேல் எடுத்த நடவடிக்கைக் குறிப்புகளின் நகல் தருக” என்று மட்டும் கேளுங்கள். “ஏன் செய்யவில்லை?” என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

குழுவின் காலம் இரண்டு ஆண்டு. பிள்ளை அடுத்த பள்ளிக்குப் போனதும் தாயும் போய்விடுவார். முத்திரையிட்ட நகல்கள், ஆகஸ்ட் 1 எண்ணிக்கை, கழிப்பறைக் குறிப்பேடு, பொறியாளர் மதிப்பீடு, தகவல் உரிமைப் பதில்கள் எல்லாம் ஒரே கோப்பில், தேதி வரிசையில், தலைமையாசிரியர் அறை அலமாரியில் இருக்கட்டும். இன்னொரு நகல் புதிய தலைவியின் வீட்டில்.