பெரிய டவுன்லோடா? இரவு 11.30-க்குத் தொடங்குங்கள்

தினம் 1.5 ஜிபி வகை ரீசார்ஜ் வைத்திருப்பவர்கள் 2, 3 ஜிபி ஃபைலை இரவு 11.30-க்கு இறக்கத் தொடங்குங்கள். அன்றைய மிச்சம் தீரும் நேரத்தில் மணி 12 ஆகி, மறுநாள் கணக்கு திறந்துவிடும். பயன்படுத்தாத டேட்டா பெரும்பாலான பிளான்களில் நள்ளிரவோடு போய்விடும், அதை விடுவானேன்? முன்பே தீர்ந்தாலும் வேகம் 64 கேபிபிஎஸ் அளவுக்குக் குறையுமே தவிர, 12 தாண்டியதும் பழைய வேகம் வந்துவிடும். வரவில்லை என்றால் ஏர்பிளேன் மோடை ஒருமுறை போட்டு எடுங்கள்.

ஒரு டவரின் கொள்ளளவை அந்தப் பகுதியில் உள்ள எல்லா போன்களும் பங்கு போடுகின்றன. நாகர்கோவில் வடசேரியில் மாலை 7 முதல் 10 வரை திணறும் டவர், ஊர் உறங்கியதும் சும்மா கிடக்கும். சும்மா கிடப்பதை விற்பதில் கம்பெனிக்குக் கூடுதல் செலவு அதிகமில்லை. சில பிளான்களில் இரவு 12 முதல் காலை 6 வரை டேட்டா கணக்கில் சேராததற்குக் காரணம் அதுதான். உங்கள் பிளானில் அது இருந்தால் 12-க்குப் பிறகே தொடங்குங்கள்.

பேச்சிப்பாறை மலையோரம் போல சிக்னலே ஒரு கோடுதான் என்றால் இரவிலும் வேகம் ஏறாது. அங்கே குறை நெரிசல் அல்ல, தூரம். கோடு முழுதாக இருந்தும் இழுத்தால்தான் நெரிசல். மொத்தமாக டேட்டா தரும் பிளான்களுக்கு இந்த 11.30 கணக்கு பொருந்தாது.