செல் சவ்வைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சிறிய மூலக்கூறுகள் சவ்வைக் கடக்கும், பெரியவை கடக்கா" என்று எழுதும் மாணவர்கள் மிகப் பலர். சவ்வைச் சல்லடையாகக் கருதும் இந்த எண்ணத்திலிருந்தே வேறு பல குழப்பங்களும் கிளைக்கின்றன. சோடியம் அயனி குளுக்கோஸைவிட மிகச் சிறியது. ஆயினும் புரதத்தின் துணையின்றி சவ்வின் லிப்பிடு ஈரடுக்கை, அதாவது கொழுப்பு மூலக்கூறுகளின் இரட்டை அடுக்கை, அது கடப்பது மிக அரிது. இந்த அடுக்கை ஆக்கும் பாஸ்போலிப்பிடுகளின் நீர்விரும்பும் தலைகள் இரு புறமும் நீரை நோக்கியிருக்க, நீர்வெறுக்கும் வால்கள் நடுவே எண்ணெய்ப் படலம்போல் அமைகின்றன. கரைசலில் அயனியை நீர் மூலக்கூறுகள் உறையாகச் சூழ்ந்திருப்பதால், அந்த உறையைக் களைந்துவிட்டு எண்ணெய்ப் பகுதிக்குள் நுழைய அதற்குப் பெரும் ஆற்றல் தேவைப்படுகிறது. சோடியத்தைவிடப் பல மடங்கு பெரிய ஸ்டீராய்டு ஹார்மோனோ, கொழுப்பில் கரைவதால் எளிதில் கடந்துவிடுகிறது. எனவே ஒரு பொருளின் மின்னூட்டத்தையும் முனைவுத்தன்மையையும் (மூலக்கூறுக்குள் மின்னூட்டம் சமமின்றிப் பரவியிருப்பதையும்) முதலில் பார்த்துவிட்டு, அதன் பிறகே அளவைப் பார்க்க வேண்டும்.

சவ்வை அசையாத இரட்டைச் சுவராக வரைவதும் தவறே. 1972-இல் சிங்கரும் நிக்கல்சனும் முன்வைத்த பாய்ம மொசைக் மாதிரியில் லிப்பிடுகளும் பல புரதங்களும் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருக்கின்றன.

புரதத்தின் வழியே நடக்கும் கடத்தல் அனைத்துக்கும் ஆற்றல் செலவாகும் என்று கொள்வது அடுத்த பிழை. சிவப்பணுவுக்குள் குளுக்கோஸ் ஒரு தாங்கிப் புரதத்தின் வழியாகவே செல்கிறது; ஆனால் செறிவு மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குச் செல்வதால், செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி செலவாவதில்லை. சோடியம்–பொட்டாசியம் பம்ப் இரண்டு அயனிகளையும் செறிவுச் சரிவுக்கு எதிராகத் தள்ளுகிறது. அதனால்தான் 3 சோடியம் அயனிகளை வெளியேற்றி 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே கொண்டுவர ஓர் ஏடிபியைச் செலவிடுகிறது.

நீர் சவ்வின் வழியே நகரும் சவ்வூடு பரவலில் "செறிவு" என்று மட்டும் எழுதாமல், நீரின் செறிவா கரைபொருளின் செறிவா என்று சொல்லிவிட வேண்டும்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது, செல்லை உப்பவோ சுருங்கவோ செய்யாத ஐசோடானிக் கரைசலைப் பற்றியதாகும். "ஒத்த செறிவுக் கரைசல்" என்ற பெயரே, மொத்தச் செறிவு சமமாக இருந்தால் போதும் என்று எண்ண வைத்துவிடுகிறது. 0.9 சதவீத உப்புக் கரைசலும் 0.3 மோலார் யூரியாக் கரைசலும் கரைபொருள் துகள்களின் மொத்தச் செறிவில் ஏறக்குறைய சமமானவை. இரண்டு சோதனைக்குழாய்களில் அவற்றை எடுத்துச் சிறிதளவு இரத்தம் சேர்த்தால், உப்புக் கரைசல் உள்ள குழாய் கலங்கலாகவே நிற்கும். அதற்குப் பின்னால் வைத்த எழுத்தைப் படிக்க முடியாது. யூரியா உள்ள குழாயோ சிறிது நேரத்தில் தெளிந்த சிவப்பாகி, எழுத்துத் தெரியத் தொடங்கும். யூரியா சிவப்பணுவின் சவ்வைக் கடந்து உள்ளே செல்ல, அதைத் தொடர்ந்து நீரும் நுழைந்து, செல்கள் உப்பி வெடித்துவிட்டன என்பதே இதன் பொருள்.