வள்ளிப்பயறுக்குக் கம்பு கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்த வயலில், மண்ணில் ஈரம் இருக்கும்போதே வள்ளிப்பயறு (நீளக் காராமணிக் கொடி) விதைத்துவிடுவது நாஞ்சில் நாட்டில் பலருக்கும் வழக்கம். இப்போது தென்னந்தோப்பு இடைவெளியிலும் வீட்டுப் பின்புறத்திலும் புதிதாகப் பலர் இறங்குகிறார்கள். லோலா, வைஜயந்தி, வெள்ளாயணி ஜோதிகா என்று ரகம் பார்த்து விதை தேடுகிறார்கள். அந்த அக்கறையில் பாதிகூடக் கம்புக்குக் காட்டுவதில்லை. முன்னால் வந்தவர்கள் செய்த அதே பிழைகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். விதையை ஆழமாகப் போடுவது, மூட்டில் (செடியின் அடியில்) தண்ணீர் தேங்க விடுவது போன்றவற்றைப் பக்கத்து வயல்காரரே சொல்லித் திருத்திவிடுவார். இங்கே பேச்சு கம்பையும் கயிற்றையும் பற்றி மட்டும்.

## பாகலுக்குக் கட்டிய பந்தலிலேயே பயறையும் விடுவது

பாகலும் புடலும் சுருள் விட்டு, எட்டியதைப் பிடித்துக்கொண்டு ஏறும். பயறுக்குச் சுருள் கிடையாது. தண்டே கயிற்றைச் சுற்றிக்கொண்டு மேலே போகும். செங்குத்தாக ஒரு பிடி கிடைத்தால் தானே ஏறிவிடும். கிடைப்பந்தலுக்கு வந்ததும் கொடி ஒன்றின்மேல் ஒன்று புரண்டு சடை போட்டுவிடும். உள்ளே வெளிச்சமும் போகாது, கையும் போகாது. பந்தலில் பயறு விளையாது என்று சொல்ல வரவில்லை. இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் குழி எடுத்து, குழிக்கு மூன்று செடி விட்டுப் பந்தலில் ஏற்றுகிறவர்கள் உண்டு. ஒருநாள் விட்டு ஒருநாள் காய் பறிக்க ஆள் இருக்கும் வீட்டுக்குச் செங்குத்து வரிசைதான் சௌகரியம். வரிசைக்கு வரிசை ஐந்தடி, செடிக்குச் செடி ஒன்றரை அடி, செடிக்கு ஒரு கயிறு.

காற்றில் இறங்கிவிட்ட நுனியைத் திரும்பச் சுற்றிவிடும்போது திசையைக் கவனியுங்கள். மேலே நின்று குனிந்து பார்த்தால் பயறு கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். மாற்றிச் சுற்றிவிட்டால் அது தானே பிரிந்து மறுபடி தொங்கும்.

## கம்பு முதலில், விதை பிறகு

முளைத்த பிறகு கம்பு அடித்தால் வேர் அறும். அவ்வளவுதான்.

## பழைய மீன்வலை

குளச்சல், முட்டம், கடியபட்டணம் பக்கம் கிழிந்த நைலான் வலை சும்மாவே கிடைக்கும் என்பதால் இந்த ஆசை வருகிறது. வேலிக்கு அது நல்லது, பயறுக்கு ஆகாது. ஒன்றரை அடி, இரண்டடி நீளக் காய் சின்னக் கண்ணுக்குள் நுழைந்து, மறு கண் வழியே வெளியே வந்து வளைந்துபோகும். வளைந்த காயை வடசேரி சந்தைக்குக் கொண்டுபோனால் விலையைக் குறைத்துத்தான் கேட்பார்கள். ஓணானும் சாரையும் சிக்கிச் சாகும். பருவம் முடிந்து காய்ந்த கொடியை வலையிலிருந்து பிரிக்க உட்கார்ந்தால் இரண்டு நாள் கூலி போகும். வலைதான் வேண்டும் என்றால் மூடிய கை தாராளமாக நுழைந்து வெளியே வரும் கண் இருக்கட்டும், ஏறக்குறைய ஆறு அங்குலம்.

## கடைசிக் கம்பை நடுக்கம்பு மாதிரி நடுவது

எத்தனை பேரிடம் எத்தனை முறை சொன்னாலும் மாறாத தவறு இதுதான். எரிச்சல் வருவதும் இதில்தான், ஏனென்றால் நட்டம் வருவது முதல் பத்துக் காய் பறித்த பிறகு.

மாசியில் கம்பு நடும்போது வயல் மண் இறுகிக் கிடக்கும். கடப்பாரை போட்டு ஒரு அடி இறக்கினாலே கம்பு ஆடாது. அசைத்துப் பார்த்துவிட்டுத் திருப்தியாக வீட்டுக்குப் போகிறார்கள். விதைத்து ஐம்பது நாள் கழித்துக் காய் வரத் தொடங்கும். அப்போது சித்திரை. கோடைமழை மண்ணை இளக்கும். வைகாசி பாதியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்குக் காற்று இறங்கும். முப்பந்தலில் காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்களே, அதே காற்று. கம்பு தாங்க வேண்டியது மாசி மாதத்து வெறும் கயிற்றை அல்ல. மழையில் நனைந்த ஆறடிக் கொடிச்சுவரை, இளகிய மண்ணில் நின்றுகொண்டு.

விழுவது எப்போதும் ஒரே முறையில்தான். கனத்தில் மேல்கம்பி நடுவில் தொய்கிறது. தொய்ந்த கம்பி இரண்டு ஓரக் கம்பையும் உள்ளுக்கு இழுக்கிறது. ஓரக்கம்பு சாயச் சாயத் தொய்வு கூடுகிறது. இதைப் பார்த்ததும் எல்லோரும் நடுவில் இன்னொரு முட்டு கொடுக்கிறார்கள். பிரச்சினை இருப்பது ஓரத்தில். மறுவாரம் காற்று வந்ததும் வரிசை மொத்தமாகப் படுத்துவிடும். கேட்டால், “காத்துல்லா அடிச்சுது, நாம என்ன செய்ய?” என்பார்கள். அதே காற்றில் பக்கத்து வயல் வரிசை நின்றுகொண்டிருக்கும்.

முப்பது அடி வரிசைக்குச் செய்ய வேண்டியது இது. ஓரக்கம்பு எட்டடி நீளம், நாலு அங்குலத்துக்குக் குறையாத பருமன். கமுகோ வேலிக்கல்லோ எதுவானாலும் சரி. இரண்டடி மண்ணுக்குள் போக வேண்டும், தலை ஒரு சாண் வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். கம்பிலிருந்து நாலு முதல் ஆறடி தள்ளி, வரிசையின் நேர்கோட்டிலேயே இரண்டடிக் குழி எடுங்கள். பதினைந்து இருபது கிலோக் கருங்கல் ஒன்றின் இடுப்பில் கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி, கல்லைப் படுக்கையாக உள்ளே வைத்து, மண்ணைத் தள்ளித் தள்ளி இடித்து மூடுங்கள். கம்பியை இரட்டையாகவே கம்பின் தலைக்குக் கொண்டுபோய்க் கட்டுங்கள். இரண்டு இழைக்கும் நடுவில் ஒரு சாண் குச்சியைச் செருகி முறுக்கினால் கம்பி விறைத்துக்கொள்ளும். குச்சியை அப்படியே கம்பியோடு சேர்த்துக் கட்டி விட்டுவிடுங்கள். பிறகு எப்போது தொய்ந்தாலும் கட்டை அவிழ்த்து இன்னும் இரண்டு முறுக்கு கொடுத்தால் போதும்.

வரப்புக்கு அப்பால் அடுத்தவர் வயல், குழி எடுக்க இடமில்லை என்றால் உள்பக்கத்திலிருந்து முட்டு கொடுக்கலாம். முட்டின் ஒரு முனை ஓரக்கம்பின் பாதி உயரத்துக்கு மேலே முட்ட வேண்டும். மறுமுனையைத் தட்டைக் கல்லின்மேல் ஊன்றி, கல் பின்னுக்கு நகராதபடி ஒரு முளை அடியுங்கள். கல் வைக்காமல் நேராகச் சேற்றில் ஊன்றினால் முட்டு அமிழும், கம்பும் கூடவே வரும்.

மேல்கம்பி 12 கேஜ் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி). தரையிலிருந்து அரையடி உயரத்தில் ஓடும் கீழ்க்கம்பிக்கு 14 கேஜ் போதும். எட்டடிக்கு ஒரு நடுக்கம்பு. அதன் வேலை கம்பியைத் தாங்குவது மட்டும் என்பதால் இரண்டு அங்குல மூங்கில் தாராளம். ஒன்றரை அடி ஆழம் போதும்.

கல்லில் கட்டிய இழுகம்பி வரிசையின் நீளப்போக்கில்தான் தாங்கும். பக்கவாட்டுக் காற்றுக்கு அது உதவாது. அதனால் தோவாளை, ஆரல்வாய்மொழி பக்கம் வரிசையைக் கிழக்கு மேற்காக, காற்றோடு போகும்படி அமைப்பது நல்லது. இரண்டு பக்கமும் வெயில் பட வேண்டும் என்று வடக்கு தெற்காக வைப்பது கல்குளம், விளவங்கோடு பக்கத்துத் தோப்புகளுக்குச் சரி. வேறு வழியில்லாமல் காற்றுக்குக் குறுக்கே வைத்தவர்கள், அடுத்தடுத்த வரிசைகளின் தலையை மூங்கிலால் குறுக்கே இணைத்துக் கட்டுங்கள். ஒற்றை வரிசை விழும் காற்றில், சேர்த்துக் கட்டிய நாலு வரிசை நிற்கும்.

ஏற்கெனவே விழுந்துவிட்டதா? ஒரே தூக்காகத் தூக்காதீர்கள். மூட்டுப்பக்கம் தண்டு மடங்கி, அதோடு செடி போய்விடும். காலையில் கொடி நீர் கோத்து முறுகலாக இருக்கும், தொட்டாலே ஒடியும். மதியத்துக்கு மேல் சற்றுத் துவண்டிருக்கும்போது, முதலில் பாதி உயரத்துக்குத் தூக்கிக் கட்டுங்கள். மிச்சத்தை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

## வழுக்கும் கயிறு

நைலான் நரம்பில் ஏறிய கொடி, காய்க் கனம் வந்ததும் சுற்றோடு சேர்ந்து கீழே வழுக்கி மூட்டில் குவியும். தும்புக் கயிறு (தேங்காய் நார்க் கயிறு) சொரசொரப்பாக இருப்பதால் பிடித்துக்கொள்ளும். சன்னக் கயிறே போதும். கீழ்முனையைச் செடியின் தண்டில் கட்டாதீர்கள். தண்டு பருக்கும்போது கயிறு உள்ளே வெட்டும். கீழ்க்கம்பியில் கட்டிவிட்டு, இளம் நுனியைக் கயிற்றில் ஒரு சுற்றுச் சுற்றி விட்டால் போதும்.

## பச்சைக் கம்பு

அன்றைக்கு வெட்டிய சீமைக்கொன்றை, முருங்கைக் கம்புகள் மழை கண்டதும் துளிர்த்து நிழல் கட்டும். மூன்று வாரம் காயப்போட்டு நடுங்கள். மூங்கிலாக இருந்தால் மண்ணுக்குள் போகும் பகுதியைத் தீயில் காட்டிக் கருக்கிக்கொள்ளுங்கள். கறையான் சட்டென்று ஏறாது.

## மரச்சீனியில் ஏற்றுவது

மரச்சீனிக்கு (மரவள்ளிக்கு) இடையில் குத்துச்செடிப் பயறு போடுங்கள். வள்ளிப்பயறு வேண்டாம்.

## கைக்கு எட்டாத உயரம்

எட்டடி கட்டினால் மேல் இரண்டடிக் காய் முற்றி நெற்றாகத் தொங்கும். நெற்று நின்றால் பூ குறையும். ஆறடியோடு நிறுத்தி, கொடி மேல்கம்பியை எட்டியதும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். பக்கக் கிளை வரும்.

பறிக்கும்போது கொடியை இழுப்பவர்களால் கட்டிய கயிறெல்லாம் தளர்கிறது. காய்கள் பெரும்பாலும் ஒரு காம்பின் நுனியில் இரண்டாகத் தொங்கும். அவை சேரும் இடத்தில் கடுகு அளவில் அடுத்த மொட்டுகள் இருப்பதைப் பார்க்கலாம். எறும்பு மொய்ப்பதும் அங்கேதான். காம்பை இடது கையால் பிடித்துக்கொண்டு காயை மட்டும் திருகி எடுத்தால் அதே காம்பு மறுபடி காய்க்கும். காம்போடு பிய்த்தால் அந்த இடத்தில் இனிக் காய் இல்லை.