காம்பஸ் டிகிரிய மேப் டிகிரியா மாத்துறப்போ கூட்டணுமா கழிக்கணுமா?

ஃபார்முலாவ மனப்பாடம் பண்றத விட ஒரே கேள்வி போதும், காம்பஸ் 0 காட்டுறப்போ நான் நிஜத்துல எங்க பாத்துட்டு நிக்கிறேன்? அமெரிக்கால சியாட்டில் பக்கம் முள்ளு நிஜ வடக்குலேர்ந்து சுமார் 15 டிகிரி கிழக்கே சாஞ்சு நிக்கும், அப்போ காம்பஸ் 0ன்னா நிஜம் 15, அதாவது கிழக்குன்னா கூட்டணும், காம்பஸ் 80 காட்டுனா மேப்ல 95. மேப்லேர்ந்து காம்பஸுக்குன்னா கழிக்கணும். மேற்கே சாயுற மெய்ன் மாநிலத்துல எல்லாமே உல்டா.

360 தாண்டுனா 360 கழிச்சிடுங்க, மைனஸ்ல போனா கூட்டிடுங்க.

பழைய மேப்ல போட்ட சாய்வ அப்படியே நம்பாதீங்க, அது வருஷா வருஷம் நகரும், லண்டன் கிரீன்விச்ல மேற்கே இருந்தது 2019ல தான் பூஜ்யத்துக்கு வந்துச்சு. போன்ல நிஜ வடக்கு செட்டிங் ஆன்ல இருந்தா திரும்ப கூட்டாதீங்க.