துஜாவை மொட்டையடிக்கும் முன்

பெங்களூரில் தனிவீடு கட்டிய நம் ஆட்கள் பலர் கேட்டின் இரண்டு பக்கமும் துஜா என்ற ஊசியிலைச் செடியை வைத்திருப்பார்கள். வாங்கும்போது முழங்கால் உயரம். சில வருடம் போனால் ஜன்னலை மறைத்து, பைக் நுழைய இடம் விடாமல் பருத்து நிற்கும். அப்புறம்தான் யூடியூபில் தேடுவோம். அங்கே இங்கிலாந்துக்காரர் ஒருவர் யூ (yew) என்ற மரத்தை வெறும் கட்டையாக வெட்டி விடுவார். சில வருடத்தில் அது பச்சைப்பசேலென்று மீண்டு நிற்கும். அதைப் பார்த்துவிட்டு ரம்பத்தோடு துஜாவிடம் போவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு.

ஊசியிலை மரங்களில் யூ ஒரு விதிவிலக்கு. இலையே இல்லாத பழைய கட்டையிலிருந்தும் துளிர்க்கும். துஜா, சைப்ரஸ், ஜூனிபர் எல்லாம் பார்க்க அதன் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருந்தாலும் அவற்றுக்கு அந்தத் தெம்பு இல்லை. துஜாவின் கிளைகளைக் கையால் விலக்கி உள்ளே பாருங்கள். வெளியே ஒரு சாண் அளவுக்குப் பச்சை, அதற்குள்ளே காய்ந்த பழுப்புக் குச்சிகள். வெட்டு அந்தப் பழுப்புக்குள் இறங்கினால் அந்த இடம் ஓட்டையாகவே நின்றுவிடும். உரம் போட்டாலும் மூடாது. விட்டுவைக்கும் ஒவ்வொரு கிளையிலும் கொஞ்சம் பச்சை மிஞ்ச வேண்டும். அது போதாது, இன்னும் ஒடுக்க வேண்டும் என்றால் பிடுங்கிவிட்டு வேறு செடி வைப்பதே மேல்.

செம்பருத்தி, காகிதப்பூ, கறிவேப்பிலைக்கு இந்தப் பயம் வேண்டாம், பலமான கவாத்தைத் தாங்கும். ஆனாலும் வயதான புதரை ஒரே நாளில் மொட்டையடிக்காதீர்கள். யூ மரத்துக்கே ஒரு பக்கத்தை இந்த வருடம், மறுபக்கத்தை அது நன்றாகத் துளிர்த்த பிறகு என்றுதான் வெட்டுவார்கள். தோட்ட வேலைக்கு வரும் மாலி 'ஒரே கூலியில் முடிச்சிடலாம் சார்' என்பார். கூலி மிச்சம்தான், செடி பாவம்.

நேரமும் முக்கியம். ஏப்ரல் வெயிலில் இலைகளை மொத்தமாக எடுத்தால், அதுவரை நிழலில் இருந்த பட்டை வெந்து வெடிக்கும். காகிதப்பூவை வெயில்கால பூ ஓய்ந்து, கோடை மழை இரண்டு தடவை இறங்கியதும் வெட்டலாம். மழை கொட்டும் நாளில் மட்டும் வேண்டாம், ஈரத்தில் பூஞ்சை சுலபமாகத் தொற்றும்.

அடுத்து, வெட்டும் விதம். கை கனமுள்ள கிளையை மேலிருந்து ஒரே மூச்சில் அறுத்தால், பாதியிலேயே பாரம் தாங்காமல் முறிந்து அடிமரத்துப் பட்டையையும் நார் நாராக உரித்துக்கொண்டு விழும். அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளி, முதலில் கீழிருந்து கால்வாசி அறுங்கள். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை இறக்குங்கள். மிஞ்சிய துண்டைக் கடைசியாக எடுக்கலாம். கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் லேசாகப் புடைத்த வளையம் தெரியும். அதை விட்டுவிட்டு அதன் வெளி ஓரத்தில் வெட்ட வேண்டும். 'நீட்டா இருக்கட்டும்' என்று வளையத்தையும் சேர்த்து வழித்துவிட்டால் காயம் மூட வழியில்லை. முளை மாதிரி நீட்டி விட்டாலும் அழுகல் உள்ளே இறங்கும்.

காயத்தில் தார், பெயிண்ட் பூசுவது இங்கே பரவலான பழக்கம். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ மரங்களைப் பிளந்து பார்த்து, இந்தப் பூச்சுகள் அழுகலைத் தடுப்பதில்லை என்று காட்டினார். மரம் காயத்தைச் சுற்றித் தானே உள்ளுக்குள் சுவர் எழுப்பிக்கொள்கிறது. சும்மா விட்டாலே போதும். வெட்டிய கையோடு யூரியாவும் கொட்டாதீர்கள். துளிர் வரும்வரை மண் காயாமல் தண்ணீர் விட்டால் சரி.

செடியை விட்டு மரத்துக்குப் போகிறீர்கள் என்றால் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம், 1976 நினைவிருக்கட்டும். சொந்தக் காம்பவுண்டுக்குள் நிற்கும் மரமானாலும் வெட்டிச் சாய்க்க மர அலுவலரின் அனுமதி தேவை. சில வகைகளுக்கு மட்டுமே விலக்கு. கேட்டுக்கு வெளியே தெருவில் நிற்கும் மரத்தில் ஒரு கிளையைக்கூட நீங்களாக வெட்டாதீர்கள், மாநகராட்சியில் புகார் கொடுத்து அவர்களை வரவழையுங்கள்.