ஐஸ் டீ ஏன் கசக்கிறது, ஏன் கலங்குகிறது: வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையகத்தில் தேத்தண்ணி ஊற்றத் தெரியாத வீடு இல்லை. அதே வீடுகளில் ஐஸ் டீ போட்டால் மட்டும் கசந்துபோகிறது, அல்லது சப்பென்று இருக்கிறது. சூடாகக் குடிப்பதற்கென்று ஊற்றிய சாயத்தை ஆறவைத்துப் பிரிஜ்ஜில் வைத்தால் அதுவே ஐஸ் டீ என்று நினைப்பதுதான் இதற்குக் காரணம். குளிர்ந்த பானத்தில் இனிப்பும் மணமும் நாக்குக்குக் குறைவாகவே தெரியும். துவர்ப்பு அப்படி அடங்கிவிடாது. ஆகவே குளிரக் குடிக்கப்போகிறோம் என்பதைத் தூள் அளக்கும்போதே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தூளோடு சேர்த்து ஆறவிடுவது

அதிகமாக நடக்கும் தவறு இது. கேத்தலில் தூளைப் போட்டு, கொதிக்கவிட்டு, அப்படியே மூடிவைத்து, ஆறிய பிறகு வடிப்பார்கள். சாயம் கறுத்திருக்கும், தொண்டையைப் பிடிக்கும், தேயிலையின் மணம் எங்கே போனதென்றே தெரியாது. மிகப் பொடியான தூளான டஸ்ட் என்றால் 2 முதல் 3 நிமிடம் போதும். அதைவிடச் சற்றுப் பருத்த தூளான பி.ஓ.பி.எப். 3 நிமிடம், இன்னும் பருத்த பி.ஓ.பி. 4 நிமிடம், நீள இலையான ஓ.பி. 5 நிமிடம். நேரம் முடிந்ததும் சூடாக இருக்கும்போதே வடித்துவிடுங்கள். சாயம் திக்காக வேண்டுமென்றால் தூளைக் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள். தேயிலைப் பையைக் கரண்டியால் நசுக்கிப் பிழிவதும் இதே தவறுதான். கடைசியாகப் பிழிந்து வருவது துவர்ப்பே.

மேட்டு நிலத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கொழும்பில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர் ஹட்டனில் ஏறத்தாழ 96 பாகையிலும், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 94 பாகையளவிலும் கொதிக்கிறது. குளிர்ந்த சாடியில் ஊற்றினால் சூடு இன்னும் இறங்கிவிடும். முதலில் கொஞ்சம் வெந்நீர் விட்டுச் சாடியைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போதே தூளில் ஊற்றி மூடுங்கள். நுவரெலியாவில் இருப்பவர்கள் மேலே சொன்ன நேரத்தோடு அரை நிமிடம் கூட்டிக்கொள்ளலாம்.

ஐஸ் உருகும் என்பதைக் கணக்கில் எடுக்காமல் விடுவது

கொதிக்கும் சாயத்தில் நான்கு ஐஸ் கட்டி போட்டால் ஐஸ் டீ வராது, வெதுவெதுப்பான தண்ணீர்த் தேத்தண்ணிதான் வரும். அரை லீற்றர் கொதிசாயத்தைக் குடிக்கத் தக்க குளிருக்குக் கொண்டுவர ஏறத்தாழ அரைக் கிலோ ஐஸ் முழுதாக உருக வேண்டும். அந்த அரைக் கிலோவும் தண்ணீராகச் சாயத்தோடுதான் கலக்கிறது. ஆகவே ஒரு லீற்றர் ஐஸ் டீக்கு வேண்டிய தூள் முழுவதையும், அதாவது 10 முதல் 12 கிராம் வரை, அரை லீற்றர் தண்ணீரிலேயே ஊறவைத்து வடித்து, அரைக் கிலோ ஐஸ்மேல் ஊற்ற வேண்டும். மட்டமாக அள்ளிய ஒரு தேக்கரண்டி பி.ஓ.பி.எப். கிட்டத்தட்ட 2 கிராம் வரும்.

அவ்வளவு ஐஸ் எல்லா வீட்டிலும் கிடைக்காது. அப்படியானால் வழக்கமான திக்கில் சாயம் ஊற்றி, வடித்து, மூடி ஆறவிட்டு, பிறகு பிரிஜ்ஜில் வையுங்கள். வீட்டுச் சூட்டுக்கு ஆறிய அரை லீற்றருக்கு 120 கிராம் அளவு ஐஸே போதும். மிஞ்சிய சாயத்தை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் இன்னும் நல்லது. அந்தக் கட்டி உருகினாலும் சுவை நீர்த்துப்போகாது.

கலங்கினால் கொட்டிவிடுவது

கண்ணாடி போலத் தெளிந்திருந்த சாயம் பிரிஜ்ஜுக்குள் போய்ப் பால் கலந்ததுபோல் மங்கிவிடும். பழுதாகிவிட்டதென்று பலர் அதை வீசிவிடுகிறார்கள். அது பழுதே இல்லை. சாயத்துக்கு நிறமும் விறுவிறுப்பும் தரும் பொருள்கள் சூட்டில் கரைந்திருக்கும். குளிர்ந்ததும் அவை கஃபீனோடு சேர்ந்து நுண்ணிய துகள்களாகத் திரள்கின்றன. தொழிற்சாலையில் டீ டேஸ்டர்கள் இதைக் கிரீம் என்பார்கள், ஆறிய கோப்பையில் அது தெரிந்தால் நல்ல சாயத்தின் அடையாளம் என்பார்கள். நம் கொழுந்தில் சத்து இருக்கிறது என்பதையே அந்த மங்கல் காட்டுகிறது. கொஞ்சம் கொதிநீர் ஊற்றிக் கலக்கினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

வந்தவர்களுக்குக் கண்ணாடிக் குவளையில் பளிச்சென்று கொடுக்க ஆசையா? திக்கான சாயத்தை அப்படியே பிரிஜ்ஜில் வைக்காதீர்கள். திக்குக் கூடக்கூடக் கலங்கலும் கூடும். குடிக்கும் அளவுக்குத் தண்ணீர் கலந்த பிறகே வையுங்கள். தெளிவுக்காகச் சிலர் ஒரு சிட்டிகை அப்பச்சோடா போடுகிறார்கள். அதை நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். சோடா சாயத்தைக் கறுக்கவைத்து, தேயிலையின் விறுவிறுப்பையே கொன்றுவிடும்.

பச்சைத் தண்ணீரில் ஊறவைக்கும்போது

எனக்கு மிகப் பிடித்த முறை இதுதான். ஒரு லீற்றர் குளிர்ந்த தண்ணீரில் 10 கிராம் நீள இலைத் தேயிலையைப் போட்டு, மூடி, இரவு முழுக்க, அதாவது 8 முதல் 10 மணித்தியாலம் வரை, பிரிஜ்ஜில் வைத்துக் காலையில் வடித்தால் முடிந்தது. குளிர்ந்த தண்ணீரில் துவர்ப்பும் கஃபீனும் குறைவாகவே இறங்கும். சாயம் கலங்காது, கசக்காது. நுவரெலியாத் தேயிலையின் பூமணத்தை இந்த முறையில்தான் முழுமையாக அறியலாம். டஸ்டை மட்டும் இப்படி ஊறவைக்க வேண்டாம். வடியில் தங்காமல் அடியில் சேறாகப் படியும். தோட்டத்தில் கிடைப்பது பொடித் தூள் என்றால் வெந்நீர் முறையே நல்லது.

இதில் ஒரு தவறு உடம்புக்கே ஆபத்து. மலையிலிருந்து வழிந்துவரும் பீலித் தண்ணி கண்ணுக்குத் தெளிவாக இருக்கலாம். ஆனால் அது வரும் வழியில், மேல் லயத்தின் மலசலகூடமும் மாட்டுப்பட்டியும் இருக்கக்கூடும். சூடான தேத்தண்ணிக்கு நாம் தண்ணீரைக் கொதிக்கவைப்பதால் கிருமிகள் செத்துவிடுகின்றன. பச்சைத் தண்ணீரில் ஊறவைக்கும்போது அந்தக் காவல் இல்லை. கொதித்து ஆறிய தண்ணீரையே எடுங்கள். ஐஸ் கட்டிக்கும் அதே தண்ணீர்தான். போத்தலை வெயிலில் வைத்துச் சாயம் இறக்கும் முறையையும் விட்டுவிடுங்கள். அந்தச் சூட்டில் கிருமி சாகாது, பெருகும்.

சீனி, தேசிக்காய், பால்

குளிர்ந்த சாயத்தில் போட்ட சீனி அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். இனிப்புப் போதாதென்று இன்னும் இரண்டு கரண்டி போடுவோம், கடைசி மடக்கு பாணியாக இருக்கும். ஒரு கோப்பை சீனியை ஒரு கோப்பைத் தண்ணீரில் சூடாக்கிக் கரைத்து ஒரு போத்தலில் வைத்துக்கொண்டால், தேவைக்கு விட்டுக் கலக்கலாம். கித்துள் பாணியும் நன்றாகச் சேரும்.

தேசிக்காய்ப் புளி பட்டதும் சாயம் வெளிறும். அது நீர்த்துப்போனதாக நினைத்து மேலும் சாயம் ஊற்ற வேண்டாம், புளிப்பால் நிறந்தான் மாறியிருக்கிறது. சாயம் ஆறிய பிறகு பிழியுங்கள், அலுமினியப் பாத்திரத்தில் பிழியாதீர்கள். ஜூலை முதல் செப்டெம்பர் வரை, காய்ந்த காற்று வீசும் பருவத்தில் பறிக்கும் ஊவாத் தேயிலைக்கென்று ஒரு குளிர்ந்த, காரமான மணம் உண்டு. அதில் தேசிக்காயும் இஞ்சியும் சேர்ப்பது எனக்குச் சம்மதமில்லை, அந்த மணத்தை மறைத்துவிடும். கொடித்தோடையும் புதினாவும் சாதாரணத் தூளோடு நன்றாக இருக்கும்.

பால் ஐஸ் டீக்குப் பால்மாவைக் குளிர்ந்த சாயத்தில் கொட்டினால் கட்டிகட்டியாக மிதக்கும். கொஞ்சம் வெந்நீரில் கரைத்து ஊற்றுங்கள். பால் சேர்த்ததில் தேசிக்காய் விட்டால் திரிந்துபோகும்.

வைத்தெடுப்பதிலும் குடிப்பதிலும்

தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். கருவாட்டுக் குழம்புக்குப் பக்கத்தில் திறந்துவைத்த சாடி மறுநாள் குடிக்க முடியாததாகிவிடும். நன்றாக மூடி, இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். பழமோ பாலோ சேர்த்ததென்றால் அன்றன்றே குடித்துவிடுவது நல்லது.

குளிர்ந்திருக்கிறதே என்று சோற்றோடு தண்ணீருக்குப் பதிலாக ஐஸ் டீ குடிப்பதும் இப்போது வழக்கமாகிவருகிறது. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தேயிலை தடுக்கும். சாயம் குளிர்ந்தாலும் அந்தக் குணம் மாறாது. இரத்தச்சோகை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது கழித்தே குடிக்க வேண்டும். மலைக்குப் போய்க் கொழுந்து பறிக்கும் பெண்கள் பகல் சாப்பாட்டோடு இதைப் போத்தலில் கொண்டுபோவதாக இருந்தால், சாப்பாட்டுக்குத் தண்ணீரை வைத்துக்கொண்டு, ஐஸ் டீயைப் பின்னேரம் கொழுந்தை எடைபோட்ட பிறகு குடிக்கட்டும்.