நிலா வெளிச்சத்தில் எலி எங்கே மேய்கிறது? தட்டு வைத்துக் கண்டுபிடிக்கும் முறை

பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடலைக்காட்டின் நடுவே எலிச் சேதம் குறைந்தாற்போல் தெரியும். மருந்து வேலை செய்துவிட்டது என்று காங்கேயம், தாராபுரம் பக்கம் பலரும் நிம்மதியாகிவிடுவார்கள். அமாவாசை நெருங்கினால் பழைய கதைதான். எலி எங்கும் போய்விடவில்லை. வெட்டவெளிக்கு வரப் பயந்துகொண்டு கிளுவை வேலி ஓரமாக மேய்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். நிலவில் ஆந்தையின் கண்ணில் பட்டுவிடுவோம் என்கிற அச்சம் வெள்ளெலி முதலிய பல இரவு உயிர்களுக்கு உண்டு. உங்கள் காட்டில் அது எவ்வளவு என்று அளக்க இரண்டு சட்டி, கொஞ்சம் மணல், ஒரு கை மக்காச்சோளம் போதும்.

முறை என்னுடையதல்ல. ஜோயல் பிரவுன் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் 1988இல் எழுதியது. மணலில் தானியத்தைக் கலந்து வைத்தால் முதலில் சுலபமாக அகப்படும். குறையக் குறையத் தேட நேரம் பிடிக்கும். இனியும் இங்கே நிற்பது கட்டாது என்று தோன்றும்போது எலி விட்டுவிட்டுப் போய்விடும். மிச்சம் அதிகமானால் பயமும் அதிகம்.

சிமெண்ட் சுமக்கும் இரும்புச் சட்டிதான் என் தேர்வு. பிளாஸ்டிக் தட்டு வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று அதை அடுத்த காட்டுக்குக் கொண்டுபோய்விடும். சட்டியின் விளிம்பு தரைமட்டத்துக்கு வரும்படி புதையுங்கள். சலித்த உலர்ந்த மணலை இரண்டிலும் சம அளவு கொட்டி, ஐம்பது ஐம்பது முழு மக்காச்சோள மணிகளை எண்ணிக் கலந்துவிடுங்கள். நொய் போட்டால் எறும்பு தூக்கிவிடும். (“எலிக்கு எண்ணிப் போடுகிறாயாக்கும்?” என்று அப்பத்தா கேட்பதைக் கண்டுகொள்ளாதீர்கள்.) ஒரு சட்டி வேலி நிழலில், மற்றது அங்கிருந்து பத்தடி தள்ளி வெட்டவெளியில். புதுப் பொருளை எலி சட்டென்று அண்டாது. சில இரவுகள் பழகவிட்டு, அதன்பிறகு எண்ணத் தொடங்குங்கள்.

இப்போது எல்லோரும் வழுக்கும் இடத்துக்கு வருவோம். தினசரி நாட்காட்டியைக் கிழித்துப் பார்த்துத் திதியை மட்டும் குறித்துக்கொண்டால் கணக்கு தப்பும். எலிக்குத் திதி தெரியாது; தலைக்குமேல் நிலா இருக்கிறதா இல்லையா என்பதுதான் அதற்குக் கணக்கு. பௌர்ணமியன்று சூரியன் மறையும்போதே நிலா எழும். அதன்பின் நாளொன்றுக்குச் சராசரியாக 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே பௌர்ணமி கழிந்த நான்காம் இரவு ஏறக்குறைய ஒன்பதரை மணிவரை நல்ல இருட்டு. தேய்பிறை அஷ்டமியில் நள்ளிரவை ஒட்டித்தான் நிலா வரும். வளர்பிறை அஷ்டமியில் நேர்மாறு: முன்னிரவில் வெளிச்சம், நள்ளிரவுக்குமேல் இருட்டு. இரண்டு அஷ்டமிக்கும் நிலா ஒன்றுபோல அரைவட்டம்தான். எலி வெளியே வரும் நேரம் மட்டும் வேறு. இன்னொன்று: அரை நிலா என்றால் பாதி வெளிச்சம் அல்ல, முழுநிலாவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான்.

அதனால் இரவு முழுக்க ஒரே சட்டியை விட்டுவைத்தால் இருட்டில் தின்றதும் வெளிச்சத்தில் தின்றதும் கலந்துவிடும். நிலா எழும் அல்லது மறையும் நேரத்துக்கு ஒருமுறை போய், மிச்சத்தைச் சலித்து எண்ணி, மறுபடி ஐம்பது மணி போட்டுவிட்டு வாருங்கள். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொள்ளுங்கள். எலிக்குச் சிவப்பு வெளிச்சம் சரியாகத் தெரியாது. விடியுமுன் கடைசியாக எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் மயில் வந்து சட்டியைத் துடைத்து வைத்துவிடும். சந்தேகமாக இருந்தால் மணலைப் பாருங்கள். எலியின் முன்காலில் நான்கு விரல், பின்காலில் ஐந்து. மயிலின் மூன்று விரல் தடத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எண்ணிக்கையைப் படிப்பது சுலபம். நிலவு நேரத்தில் வெளிச் சட்டியில் மிச்சம் கூடி, வேலிச் சட்டியில் வழக்கம்போலக் காலியானால், எலி குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. கிட்டியை (எலிப்பொறியை) வேலியோரம், வங்கு எனும் எலி வளையின் வாய்க்கு அருகில் நிழலில் வையுங்கள். இருட்டு நேரத்தில் அதே கிட்டிகளைக் காட்டுக்குள் வரப்புமேல் கொண்டுபோங்கள். இரண்டிலும் மிச்சம் கூடினால்தான் உண்மையிலேயே எலி குறைந்திருக்கலாம்; மாலையில் வங்குகளை மண்ணால் அடைத்து, காலையில் எத்தனை திறந்திருக்கின்றன என்று பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

துத்தநாக பாஸ்பைடு என்ற எலி மருந்துப் பக்கம் நான் போவதில்லை. அந்த விஷத்துக்கு முறிமருந்து கிடையாது. நாயும் குழந்தையும் திரியும் தோட்டத்தில் வேண்டாத வேலை. அரைகுறையாகத் தின்று பிழைத்த எலி அந்த இரையை மறுபடி தொடாது. கிட்டிதான் சரி. ஆந்தைக்கு ஆங்காங்கே குறுக்குக் குச்சி கட்டிய கம்பு நட்டுவைத்தால் இன்னும் நல்லது. கூகை என்ற ஆந்தையின் வெள்ளை நிறமே நிலவில் எலியினத்தைச் சற்று நேரம் உறைந்து நிற்கச் செய்கிறது என்று 2019இல் சுவிட்சர்லாந்தில் செய்த ஆய்வு காட்டியிருக்கிறது.

பிற்சேர்க்கை: அமாவாசையிலும் வெளிச் சட்டி தொடப்படவில்லை என்று பெருந்துறை வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். விசாரித்தால், மோட்டார் அறை எல்இடி விளக்கு இரவெல்லாம் எரிகிறது. விளக்கை அணையுங்கள், அல்லது சட்டியை அந்த வெளிச்சம் படாத இடத்துக்கு மாற்றுங்கள். ஐப்பசி மேகமூட்டத்தில் எடுத்த கணக்கையும் தனியாகக் குறித்து வையுங்கள்.

சத்தியமங்கலம் பக்கம் மரவள்ளி போட்டவர்கள் முள்ளம்பன்றியைப் பற்றிக் கேட்கிறார்கள். அதே இனத்தை இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் ஆராய்ந்தபோது அதுவும் நிலவில் வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டது. ஆனால் அது வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது. கிட்டியும் கண்ணியும் வைக்கக்கூடாது, வனத்துறையிடம்தான் சொல்ல வேண்டும். காட்டுப்பன்றி நிலவிலும் வரும். பௌர்ணமி என்று காவலை விட்டுவிடாதீர்கள்.